மூச்சுக்காற்றால் பரவும் வியாதி: ஓர் அபிப்பிராயம்

(நீடாமங்கலம் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதுவது)

இப்பத்திரிகையில் குலைநோய், இலையுறைக் கருகல், புகையான் முதலிய நெற்பயிரின் பகைகளைப் பற்றி எழுதுவதே என் உத்தியோகத்துக்கு ஏற்றது. மனிதருக்கு வரும் வியாதியைப் பற்றி எழுதச் சுகாதார இலாகாவினர் இருக்கின்றனர். அவ்வாறிருக்க விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவன் இதில் பேனா எடுப்பானேன் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. காரணங்கள் இரண்டு உண்டு. கொரோனா வியாதி பரவிய 2020-ஆம் ஆண்டில் எங்கள் வட்டாரத்துத் தெருக்களில் மருந்து தெளித்துத் திரிந்தவை பெரும்பாலும் குடியானவர்களின் விசைத் தெளிப்பான்களே. அவற்றைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். இது முதற்காரணம். இரண்டாவதைச் சொல்ல எனக்குச் சிறிது தைரியம் வேண்டியிருக்கிறது. ஆகையால் அதனைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் இவ்வியாதி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2020 ஜனவரி 30-ந் தேதி, கேரளத்தில். தமிழ்நாட்டில் மார்ச்சு 7-ந் தேதி. மார்ச்சு 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. காவேரிப் பாசனப் பிரதேசத்தில் அது தாளடி அறுவடை முடிந்து, தரிசில் உளுந்தும் பயறும் காய்த்து நின்ற சமயம். விவசாய வேலைகளுக்கு அவ்வார இறுதியிலேயே விலக்கு அளிக்கப்பட்டபோதிலும் ஜனங்களின் பீதி அடங்கவில்லை. ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தனர். வீதியெங்கும் பிளீச்சிங் பௌடர் கோடு போட்டனர். மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த நீரை வாசலில் தெளித்தனர். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பூச்சிமருந்து அடிக்கும் கருவியில் ஊற்றிச் சுவர், கதவு, மின்கம்பம், நின்ற பேருந்து யாவற்றின் மேலும் அடித்தோம். திருப்பூரில் ஏப்ரல் 1-ந் தேதி சந்தை வாசலில் மனிதர் மேலேயே மருந்து தெளிக்கும் நடைபாதை ஒன்றை அமைத்தனர். அது மெச்சப்பட்டுப் பல ஊர்களுக்குப் பரவிற்று. மனிதர் மேல் இவ்விதம் தெளிப்பது பிரயோஜனமற்றது, தீங்கும் விளைக்கும் என்று ஏப்ரல் 18-ந் தேதி மத்திய சுகாதார மந்திரி இலாகா அறிவித்த பிறகே அந்த மோகம் தணிந்தது.

இவ்வளவு மருந்தும் கூலியும் செலவாகியும் வியாதி நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லையென்பதை நம் கையிலிருந்த தெளிப்பானே அன்றே சொல்லியிருக்கக்கூடும். மருந்தடித்துப் பழகிய குடியானவருக்கு ஒரு விஷயம் தெரியும். நாசிலிலிருந்து பெருந்துளியாய் விழும் மருந்து காலடியில் விழுந்துவிடும். புகைபோல் நுண்துளியாய்ப் புறப்படும் மருந்து காற்றோடு போய் அடுத்தவன் வயலில் இறங்கும். இதற்காக வரப்புச் சண்டைகள் நேர்ந்ததையும் நான் தீர்த்துவைத்திருக்கிறேன். மனிதனுடைய மூச்சும் இவ்விதமே. இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் பெருந்துளிகள் சில விநாடிகளில் தரையில் விழுகின்றன. ஆனால் பேசும்போதும், பாடும்போதும், சும்மா மூச்சு விடும்போதுங்கூட, கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகள் எண்ணிறந்தவை வெளிவருகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 100 மைக்ரான் அளவுள்ள துளி ஐந்தடி உயரத்திலிருந்து அசையாத காற்றில் தரையைத் தொட ஐந்தாறு விநாடி போதும். 5 மைக்ரான் துளிக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துளியோ பன்னிரண்டு மணி நேரம் வரை அந்தரத்தில் நிற்கும். கொரோனா வைரஸ் என்னும் கிருமி ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே அது அந்நுண்துளிகளில் ஏறிச் சவாரி செய்வதற்கு யாதொரு தடையுமில்லை. அடைத்த அறையில் சமையலறைப் புகை எவ்விதம் சேர்ந்து நிற்குமோ அவ்விதம் அது சேர்ந்து நிற்கும்; ஜன்னலைத் திறந்தால் புகை கலைவதுபோல் கலையும்.

இது இன்று எளிதாகத் தோன்றுகிறது. ஆயினும் உலக சுகாதார ஸ்தாபனமே 2020 மார்ச்சில், இது காற்றில் பரவும் வியாதியன்று என்று அறிவித்திருந்தது. 2021-இல்தான் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. பெரியவர்களே தடுமாறின விஷயத்தில் ஒரு டிமான்ஸ்ட்ரேட்டர் தடுமாறியது பெரிய குற்றமாகாதென்று நான் ஆறுதலடையலாம். ஆனால் எனக்கு அவ்வாண்டிலேயே ஒருவர் உண்மையைச் சொன்னார்; நான்தான் கேட்கவில்லை.

2020 ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணை உரிய நாளில் திறக்கப்பட்டது. அவ்விதம் உரிய நாளில் திறந்து பல வருஷங்கள் ஆகியிருந்தபடியால், மூணாறு தலைப்பிலிருந்து வெண்ணாற்றிலும் கோரையாற்றிலும் பாமணியாற்றிலும் தண்ணீர் பிரிந்தோடக் கண்ட குடியானவர்கள் வியாதியையும் மறந்து குறுவையில் இறங்கினர். ஒரு நாள் நடவு வயலொன்றுக்குச் சென்றேன். நடவுப் பெண்கள் இருபது பேருக்கு மேல் சேற்றில் நின்றனர். முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டிருந்தனர். நான் அவர்களைக் கடிந்துகொண்டேன். முகமூடியை ஏற்றிக் கட்டி ஆளுக்கு ஆறடி தள்ளி நிற்கச் சொல்லி, இலாகாவுக்கு அனுப்பும் அறிக்கைக்காகப் புகைப்படமும் எடுத்தேன். அக்கூட்டத்தில் மூத்தவளான ஓர் அம்மாள், "ஐயா, இங்கே காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. காலையில் வந்த வண்டியில்தான் மூச்சு முட்டியது" என்றாள். நான் சிரித்துவிட்டு வந்தேன். அன்று மாலை அவர்கள் அனைவரும் தார்ப்பாயை நாற்புறமும் இறக்கிக் கட்டிய ஒரு சிறு லோடு வண்டியில் நெருங்கி ஏறி, நீடாமங்கலம் ரெயில்வே கேட்டில் சரக்கு வண்டி போவதற்காக நெடுநேரம் நின்றதை நானே கண்டேன். மறுபுறம் மோட்டார் சைக்கிளில் நின்றிருந்த எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊர்க் கேட்டைப் பற்றி அறிந்தவர்களுக்கு, அங்கே காத்து நிற்கும் நேரம் எவ்வளவென்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த அம்மாள் சொன்னதற்கு அத்தாட்சி உலகின் மறுகோடியில் முன்னமே கிடைத்திருந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் ராஜ்யத்தைச் சேர்ந்த ஸ்காஜிட் ஜில்லாவில் 2020 மார்ச்சு 10-ந் தேதி ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் ஓர் அறையில் கூடி இரண்டரை மணி நேரம் பாடிப் பழகினர். அவர்களில் ஒருவருக்குச் சளி இருந்தது. 53 பேர் வியாதிக்குள்ளாயினர்; இருவர் இறந்தனர். நம் நடவுப் பெண்களும் நாள் முழுதும் பாடுகிறவர்களே. திறந்த வயலில், கச்சான் காற்றில் பாடும் பாட்டுக்கும், அடைத்த கூடத்தில் பாடும் பாட்டுக்கும் உள்ள வித்தியாசமே இவ்வியாதியின் ரகசியம் முழுவதும். தூரத்தையே பெரிதாக எண்ணி ஆறடிக் கணக்குப் பேசினோம். காற்றோட்டத்தைப் பற்றிப் பேசினவர் அரியர். 2021 மார்ச்சில் நமக்கு மேற்கே அம்மாபேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவிகளுக்கு ஒருங்கே வியாதி கண்டபோது இப்பகுதி முழுவதும் திடுக்கிட்டது. பிள்ளைகள் வெயிலில் விளையாடித் திரிந்தவரையில் பயந்து, வகுப்பில் அமர்ந்தபோது நிம்மதி கொண்டவர்கள் நாம்.

இனி, தள்ளிவைத்த இரண்டாவது காரணம். 2021 ஏப்ரல் மாதத்தில் கோடை உழவைப் பற்றியும் விதை நேர்த்தியைப் பற்றியும் ஒரு பயிற்சிக் கூட்டம் நடத்தினேன். நாற்பது குடியானவர்கள் வந்திருந்தனர். திரையில் படம் தெளிவாய்த் தெரிய வேண்டுமென்று நானே கதவுகளையும் ஜன்னல்களையும் சாத்தச் சொன்னேன். இரண்டு மணி நேரம் பேசினேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லையென்றதால் முகமூடியை இறக்கிக்கொண்டு உரக்கப் பேசினேன். அன்று காலை முதல் தொண்டை கரகரவென்றிருந்தது. முதல் நாள் உளுந்து அடித்த களத்தில் நின்ற தூசியென்று எண்ணினேன். மறுநாள் ஜுரம் கண்டது. சோதனையில் கொரோனா என்று தெரிந்தது. அந்த வாரத்துக்குள் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒன்பது பேர் படுத்தனர். எண்மர் தேறினர். என் செயல்விளக்க வயலுக்கு ஆறு வருஷம் நிலம் தந்து, திருந்திய நெல் சாகுபடியை இக்கிராமத்தில் முதலில் துணிந்து செய்த பெரியவர் ஒருவர் மே மாதத்தில் காலமானார். அவருக்கு என்னிடமிருந்துதான் தொற்றியது என்று நிரூபிக்க இயலாது. அல்லவென்றும் நிரூபிக்க இயலாது. அவர் குமாரர் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அதே நிலத்தை இவ்வருஷமும் கொடுத்திருக்கிறார். அந்த மே 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்கு வியாதி கண்டதாகக் கணக்கு வெளியாயிற்று. அக்கணக்கைப் படித்தபோது எனக்கு அதில் ஒரு முகமே தெரிந்தது.

மேற்படி பெரியவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அவ்வருஷம் மார்ச்சு முதல் தேதியிலிருந்தே அது கிடைத்துவந்தது. ஊரில் வழங்கிய வதந்திகளைக் கேட்டு, "பார்ப்போம் தம்பி" என்று தள்ளிப்போட்டார். அவர் வீட்டில் நாற்பது கோழிகள் உண்டு. வெள்ளைக் கழிச்சலுக்கு வருஷம் தவறாமல் தடுப்பு மருந்து போடுவார். தவறினால் கொட்டகையே காலியாகிவிடும் என்பதை அவர் பட்டறிந்தவர். அவ்வெள்ளைக் கழிச்சலும் ஒரு வைரஸால் வருவதே. கோழி வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிப்பதும் அதன் குறிகளுள் ஒன்று. 1932-இல் ராணிப்பேட்டையில் ஸ்தாபிக்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தின் பெயரை அறியாத கோழி வளர்ப்போர் நம்மில் குறைவு. கோழிக்கு ஒப்புக்கொண்டதைத் தமக்கு ஒப்புக்கொள்ளாதவர் அவர் ஒருவர் மட்டுமன்று. தடுப்பூசி போட்டவருக்குத் தொற்றவே தொற்றாதென்பதில்லை. ஆனால் படுக்கையில் வீழ்த்தி உயிரைக் கொண்டுபோகும் வேகத்தை அது பெரிதும் அடக்குகிறது. கபசுரக் குடிநீரைக் குடித்தவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் குடித்தேன். அதைக் குடித்துவிட்டோமென்று அடைத்த அறையில் கூடியதுதான் பிசகு.

இனி நான் முக்கியமாக வற்புறுத்த விரும்புவது கூலி விஷயம். இதனை மிராசுதார்கள் சிலர் விரும்பமாட்டார்கள். வியாதி கண்டவர் நான்கைந்து நாள் வீட்டில் இருத்தல் வேண்டும் என்று எல்லோரும் உபதேசிக்கிறோம். குறி தோன்றிய அந்த முதல் நாட்களிலும், அதற்கு ஓரிரு நாள் முன்னும்தான் அவர் மூச்சில் கிருமி மிகுதி. ஆனால் குறுவை நடவு ஒரு கிராமத்தில் பதினைந்து இருபது நாள் வேலை. அந்த இருபது நாளில் சேரும் கூலிதான் ஆடி மாதச் செலவுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் உரியது. ஐந்து நாள் வீட்டிலிரு என்பது அவளுக்குக் கால்பங்கு வருமானத்தை விட்டுவிடு என்பதாகும். ஆகையால் அவள் இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு வண்டி ஏறுகிறாள். இது அவள் அறியாமையன்று.

இதை நிலத்துக்காரர் தம் கணக்கிலும் போட்டுப் பார்க்கட்டும். இருபது பேர் கொண்ட கூட்டத்தில் ஒருத்திக்கு மூன்று நாள் கூலியை வேலையின்றிக் கொடுப்பது சிறு தொகை. அவள் வந்து பத்துப் பேர் படுத்தால் நடவு ஒரு வாரம் தள்ளும். ஆடுதுறை 43 போன்ற குறுகிய காலப் பயிருக்கு நாற்றின் வயது இருபத்தைந்து நாளைத் தாண்டக்கூடாதென்று நான் தொண்டை கிழியச் சொல்லி வருகிறேன். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும்; நடவு பிந்தினால் அறுவடை ஐப்பசி மழையில் அகப்படும்; ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவைத்து நாட்கணக்கில் காத்திருக்கும் அவஸ்தையை யாருக்கும் விவரிக்க வேண்டியதில்லை. மூன்று நாள் கூலி இந்நஷ்டத்துக்கு முன் எம்மாத்திரம்? எங்கள் பக்கத்தில் இரண்டு நிலத்துக்காரர்கள் சென்ற குறுவையில் சளி ஜுரம் கண்டவர்களுக்கு இவ்விதம் கொடுத்துப் பார்த்தனர். ஏமாற்றுவார்களென்று பலர் எச்சரித்தனர். ஒருவரும் ஏமாற்றவில்லையென்று சொல்லமாட்டேன், ஒருத்தி ஏமாற்றினாள். மற்றப் பெண்களே அவளை ஏசி மறுநாள் அழைத்துவந்தனர்.

வண்டி விஷயத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சமே. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டவிரோதம், அபாயமுங்கூட. ஆயினும் நடப்பது அதுவே என்பதால் சொல்கிறேன்: மழையில்லாத நேரத்தில் தார்ப்பாயை இறக்கிக் கட்டாதீர்கள். சிற்றுந்தாயின் ஜன்னலைச் சாத்தாதீர்கள். முகமூடியை வயலில் கழற்றி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். நான் முன்பு சொன்னதற்கு நேர்மாறு இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூக்கைச் சரியாய் மூடும் என்-95 வகை கிடைத்தால் நலம். தளர்ந்த துணியின் ஓரங்களில் காற்று புகுந்துவிடும். சேலம், ஆத்தூர்ப் பக்கங்களிலிருந்து வரும் அறுவடை இயந்திரக்காரர்களுக்கு ஒரு சிறு அறையில் ஆறு பேருக்குப் பாய் போட்டுக் கொடுப்பதைக் காட்டிலும் திண்ணையைக் கொடுப்பது மேல். 2020 ஏப்ரல் இறுதியில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் பரவிய வியாதி, மே 5-ந் தேதி சந்தை மூடப்படுமுன்னரே, ஊர் திரும்பிய சுமைத் தொழிலாளரோடு அரியலூர், கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களின் கிராமங்களை எட்டிவிட்டது. விளைபொருள் போகும் வழியில்தான் வியாதியும் வரும்.

வியாதியை மறைக்கச் செய்வது வெட்கமும் பயமும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவது நம் வழக்கம். அதைக் கண்டால் அயலார் உள்ளே நுழையார். ஆனால் அவ்வீட்டாரை யாரும் இழிவாய் நினையார். மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று மரியாதையோடு விலகி நின்று, வேண்டியதை வாசலில் வைத்துவிட்டுப் போவர். இத்தகைய நயமான ஏற்பாட்டைக் கையில் வைத்திருந்த நாம், 2020-இல் வியாதி கண்ட வீடுகளைத் தகரம் வைத்து அடைத்தோம். சென்னையில் இவ்வியாதியால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாது ஒரு கூட்டம் கல்லெறிந்தது. மூச்சற்ற உடல் மூச்சால் பரவும் வியாதியைப் பரப்புவதெப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. இவற்றைக் கண்டபின், தன் இருமலை எவன் வெளியில் சொல்வான்?

கொரோனா அடங்கிவிட்டதே, 2023 மே 5-ந் தேதியே உலக சுகாதார ஸ்தாபனம் அதன் அவசரநிலையை நீக்கிவிட்டதே, இப்போது இந்தப் பேச்சு எதற்கு என்பார் உளர். 1918-இல் இன்புளுயன்ஸா ஜுரம் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி ரெயில் வழியே தேசமெங்கும் பரவி ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்டுபோயிற்று. 1957 மே மாதம் இன்னொரு வகை இன்புளுயன்ஸா சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. இவை தாமே ஓய்ந்தன. ஆனால் அவ்வினம் ஒழிந்ததில்லை. இன்புளுயன்ஸாவின் புது வகைகளுக்கு நீர்ப்பறவைகளே மூலவாசம். நம் அறுவடைத் தாளில் ஆயிரக்கணக்கில் மேய்ந்து செல்லும் வாத்துகள், தாம் வாடாமலேயே அக்கிருமியைச் சுமக்கக்கூடியவை. அயலிலுள்ள கேரளத்துக் குட்டநாட்டு வாத்துகளில் 2014-லும், 2021-லும், 2024-லும் பறவைக் காய்ச்சல் கண்டது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அது கறவை மாடுகளிலும் காணப்பட்டது. மனிதரிடையே எளிதில் பரவும் சக்தியை அது இன்னும் பெறவில்லை. வாத்துகளோ கோழிகளோ கூட்டமாய் இறந்தால் வெறுங்கையால் தொடாமலும், கறிக்கு எடுக்காமலும், வாய்க்காலில் எறியாமலும், அன்றைக்கே கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வாத்து மேய்ப்போர் நஷ்டத்துக்கு அஞ்சி மறைப்பர். அவர்களுக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாடு தாமதமின்றி நடக்கவேண்டுமென்பதும் என் அபிப்பிராயம். இங்கும் கூலி விஷயம்போன்றதே கதை.

குறுவைக்கு முன் வழக்கமாய் நடக்கும் எங்கள் கூட்டம் இனிக் கூடத்தில் நடைபெறாது. வெண்ணாற்றங்கரை இலுப்பைத் தோப்பில், வெயில் தாழ்ந்த பின் நான்கு மணிக்கு நடைபெறும். படம் காட்டுவதற்கில்லை, அதற்குப் பதிலாக விதையையும் நாற்றையும் கையில் கொண்டுவருவேன். உட்காரத் துண்டு கொண்டுவருக. சளியோ ஜுரமோ உள்ளவர்கள் வரவேண்டாம். அண்டை வீட்டார் மூலம் பெயரைச் சொல்லியனுப்பினால், அவர்கள் குணமடைந்த பின் நானே வயலுக்கு வந்து சொல்வதைச் சொல்கிறேன். எனக்குத் தொண்டை கரகரத்தால் கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்படும்.